ஒரு சொட்டும் நனையாத படகு

என் தங்கையின் கணவருக்குப் படகுத்துறையில் 'டபுள்கட்டு' என்று பெயர். முகத்துக்கு நேராக அவர் எல்லாருக்கும் 'டிரைவரண்ணே'. முதுகுக்குப் பின்னால்தான், "டபுள்கட்டு வருது, கயிறைச் சரியாப் பாரு" என்பார்கள். ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் லாஞ்சை அவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓட்டினார். அதே துறையில் தண்ணீர் மட்டத்தைக் காலையும் மாலையும் அளந்து பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அதனால் இதில் வரும் தேதிக் கணக்கும் அளவும் பிசகாது. மற்றவை பிசகியிருந்தால் அது என் குறை.

எந்தக் கயிற்றையும் அவர் இரண்டு முறை கட்டுவதற்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது வயதில் கயிறு வீசும் ஆளாக லாஞ்சில் சேர்ந்தார். இரண்டாவது வருடம் அவர் போட்ட முடிச்சு ஒன்று நழுவி, லாஞ்ச் துறையை விட்டு ஒரு முழம் விலகியது. இறங்கக் கால் வைத்த ஒரு பெண்ணின் கால் அந்த இடுக்கில் மாட்டி, கணுக்கால் நொறுங்கிப்போனது. விசாரணையில் காற்றின் மேல் பழியைப் போட்டு முடித்தார்கள். அவர் தன் மேல் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எல்லாம் இரண்டு கட்டு. வீட்டிலும் அப்படித்தான்; பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார், அடுப்பை இரண்டு முறை அணைப்பார். "தும்மினாக்கூட ரெண்டு தடவைதான் தும்முவாரு" என்பாள் என் தங்கை.

கல்யாணமான புதிதில் அவள் ஒரே ஒரு முறை அவருடைய லாஞ்சில் ஏறினாள். அக்கரை போய்ச் சேரப் பதினான்கு நிமிடம். அந்தப் பதினான்கு நிமிடமும் அவர் திரும்பியே பார்க்கவில்லை. முப்பது வருடம் அவள் அதைச் சொல்லிக் காட்டினாள்.

"டிக்கெட் வாங்கிட்டுப் போய் ஒருத்தரோட முதுகைப் பார்த்துட்டு வந்தவ நான்."

"ஓட்டுறப்போ திரும்பினா அறுபது பேரு உசுரு."

"அப்போ நான் யாரு?"

"நீயும் அந்த அறுபதுலதானே சேர்த்தி?"

இதைக் கேட்டு அவள் சிரித்ததையும் பார்த்திருக்கிறேன், எழுந்து உள்ளே போய்விட்டதையும் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் அவர் செய்த முதல் காரியம், துறை அலுவலகம் கழித்துப்போட்ட, சின்ன இன்ஜின் வைத்த ஒரு மரப்படகை வாங்கியது. பதினெட்டு அடி நீளம். தச்சர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு இரண்டு வருடம் அதைச் சரி செய்தார். முன் இருக்கையைப் பின்பக்கம் பார்க்கும்படி திருப்பிப் போட்டார். அவள் முன்னால் அமர்ந்தால் ஓட்டுகிறவரைப் பார்த்தபடி இருப்பாள். அவரும் தலையைத் திருப்பாமலே அவளைப் பார்க்கலாம். அந்த இருக்கைக்கு மெத்தை அவளே தைத்தாள். தச்சர் கேலி செய்தார்: "அண்ணே, முன்னாடி என்ன வருதுன்னு அக்காவுக்கு எப்படித் தெரியும்?" அவள் சொன்னாள்: "எனக்கு எதுக்குத் தெரியணும்? இடிச்சா ரெண்டு பேரும்தானே விழப்போறோம்."

பதினொரு முறை அவர்கள் அதில் போனார்கள். பதினோராவது முறை திரும்பி வந்தபோது துறையின் இருபத்து மூன்று படிகளை ஏற அவளால் முடியவில்லை. பாதியில் உட்கார்ந்து, "இந்தப் படியில எவனோ ரெண்டு படி கூடக் கட்டிட்டான்" என்றாள். நகரத்தில் பரிசோதனை செய்ததில் நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது என்றார்கள். மருந்தால் வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது. மழைக்காலம் முழுவதும் மருத்துவமனைக்குப் பக்கத்தில், மகள் வீட்டில் இருக்க வேண்டும். மழை விட்டதும் வீட்டுக்கு வரலாம்.

"படகுல போகலாமா டாக்டர்?" என்று அவள் கேட்டாளாம்.

"நல்ல காத்து வர்ற இடம்தானே? தாராளமாப் போங்க."

கிளம்பும் அன்று காரில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி அவரைக் கூப்பிட்டாள். "என்னங்க, நான் வர்ற வரைக்கும் படகை நனைய விடாதீங்க. ஒரு சொட்டுகூட." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தான் இல்லாத நான்கு மாதத்துக்கு அவருக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போக நினைத்தாள் என்று எனக்குப் பட்டது. அவர் சிரிக்கவில்லை. தலையை இரண்டு முறை ஆட்டினார்.

மரப்படகைக் கரையில் ஏற்றி வைக்க முடியாது. நீரில் ஊறியிருக்கும்வரைதான் அடிப்பலகைகள் உப்பி ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்கும். கரையில் காய்ந்தால் பலகைகள் சுருங்கி இடைவெளி விடும். மறுபடி இறக்கினால் சல்லடைதான். ஆகவே படகு தண்ணீரிலேயே கிடக்க வேண்டும். ஆனால் மேலிருந்து விழும் மழைநீர் உள்ளே தேங்கினால் மரம் மக்கும். கீழே ஈரம், மேலே உலர்வு. இரண்டும் வேண்டும். அதற்கு உறை வேண்டும்.

பட்டறைத் தெருவில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். கடைத் தரையில் பள்ளம் வெட்டித் தையல் மெஷினை அதற்குள் இறக்கி வைத்திருப்பாள். துணி தரை மட்டத்தில் விரிந்து கிடக்கும். அவள் இடுப்புவரை தரைக்குள் இருந்தபடி தைப்பாள். உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத் துணியின் மேல் நடந்துதான் அவளிடம் போக வேண்டும். நாங்கள் இருவரும் அப்படிப் போய் நின்றோம்.

அவள் மூன்று துண்டுகளை எடுத்துப் போட்டாள். "இது ப்ளூ ஷீட்டு. காத்துல படபடன்னு அடிச்சு ஒரே மாசத்துல கொடி மாதிரி கிழிஞ்சு பறக்கும். இது மெழுகு ஏத்தின கேன்வாஸ். கொஞ்சம் ஈரம் குடிக்கும், ஆனா மூச்சு விடும். இது ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூசினது, லாரிக்குப் போடுறது. பொட்டுத் தண்ணி உள்ள போகாது. ஆனா..."

"இதுவே போதும்" என்றார் மாப்பிள்ளை.

"ஆனான்னு சொல்ல வந்தேன் டிரைவரண்ணே."

"ஆனா வேணாம்மா. தண்ணி போகாதுல்ல?"

"தண்ணி போகாது. காத்தும் போகாது. லாரிக்காரன் ரெண்டு நாள்ல போய்ச் சேர்ந்து அவுத்துடுவான். உங்க படகு நாலு மாசம் மூடிக் கெடக்கும். அதுக்குக் கீழ தண்ணி இருக்கு."

"படகுக்குக் கீழ தண்ணி இல்லாம ரோடா இருக்கும்?"

"சிரிக்காதீங்க. உள்ள இருக்கிற ஈரம் மேல ஏறி எங்க போகும்? என்கிட்ட கேட்டா கேன்வாஸ்தான்."

அவர் கேன்வாஸைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். "கொஞ்சம் ஈரம் குடிக்கும்னு சொன்னியே."

"கொஞ்சம்."

"கொஞ்சமும் கூடாது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் பிளாஸ்டிக் பூசின துணிதான், ஆனால் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு 'மூக்கு' வைப்பது என்று முடிவாயிற்று. மூக்கு என்று அவள் சொன்னது, குடுவை கவிழ்த்ததுபோல் துணியில் தைக்கும் சின்னக் கூண்டு. வாய் கீழ்ப்பார்த்து இருக்கும். மழை நுழையாது, காற்று ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறும்.

"மூக்கு இல்லாம தைக்க மாட்டேன். முகத்துக்கு மூக்கு வைக்காம விட்டா என் பேருதான் கெடும்" என்றாள்.

மறுநாளே துறைக்கு வந்து நூலும் சாக்குக்கட்டியுமாக அளவெடுத்தாள். நடுவில் மூன்று தாங்கு கட்டைகள் நிறுத்தி, அவற்றின் மேல் நீளவாக்கில் ஒரு கம்பு வைக்கச் சொன்னாள். துணி கூரைபோல் இரு பக்கமும் சரிய வேண்டும். தட்டையாக விட்டால் பள்ளம் விழுந்து குளம் கட்டும்; அந்தக் கனத்திலேயே படகு முங்கும். துணி உரசும் மூலைகளில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார் தச்சர். கட்டுக் கயிறுகளைத் துறைத் தூணில் கட்டக் கூடாது என்றாள் அவள். எங்கள் ஆறு கடலுக்குப் பக்கம். தண்ணீர் தினம் ஒரு மீட்டருக்குக் குறையாமல் ஏறி இறங்கும். தூணில் கட்டினால் இறங்கும்போது ஒன்று துணி கிழியும், இல்லை படகு தொங்கும். கயிறு படகின் அடியில் நுழைந்து மறுபக்கம் வந்து, துணியின் ஓர வளையத்திலேயே முடிய வேண்டும். இதைச் சொல்லும்போது மாப்பிள்ளை பாதியிலேயே, "இது எனக்குத் தெரியும்" என்றார். தெரியும்தான். எட்டுக் கயிறு, பதினாறு முடிச்சு. கட்டி முடிக்க ஒரு காலை முழுவதும் ஆனது.

அன்று முதல் நாள் என்று என் நோட்டில் இருக்கிறது. அன்று மாலையே மழை தொடங்கியது.

தினமும் மாலை ஆறரைக்கு மகள் வீட்டிலிருந்து தங்கை போனில் பேசுவாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"படகு எப்படி இருக்கு?"

"ஒரு சொட்டு நனையல."

"நீங்க?"

"நான் குடை வெச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் அவள் சிரிப்பதும், சிரிப்பு இருமலாக மாறுவதும் எனக்குக் கேட்கும். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல், இருமல் நிற்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு அவள் சொல்வாள்: "வந்ததும் பன்னெண்டாவது ட்ரிப்பு." அவர், "ஆமா" என்பார்.

முப்பத்தெட்டாம் நாள் புயல்காற்று அடித்தது. வழக்கமான திசையை விட்டு ஆற்றின் மேற்பக்கத்திலிருந்து வந்தது. மதியம் காற்று தணிந்ததும் அவர் உறையின் ஒரு முனையைத் தளர்த்தி, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். முன் மூக்கு வழியாகச் சாரல் நுழைந்து என் தங்கை தைத்த மெத்தையில் ஓர் உள்ளங்கை அகலம் நனைந்திருந்தது. அவ்வளவுதான். துணியால் ஒற்றி எடுத்தால் தீர்ந்தது. ஆனால் அன்று மாலை போன் வந்தபோது, "படகு எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. "லைன் சரியில்ல, கேட்கல" என்று வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவள் குரல் எனக்கே கேட்டது.

மறுநாள் காலை சாக்கு ஊசியும் தடித்த நூலுமாக என் வீட்டுக்கு வந்தார். "மச்சான், கண்ணு தெரியல. கோத்துக் குடுங்க."

"எதுக்கு மாப்பிள்ளே?"

"மூக்கைத் தைச்சுடலாம்."

"அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

"கேட்டா வேணாம்னு சொல்லும்."

"அதுக்குத்தான் கேட்கச் சொல்றேன்."

"ஊசியைக் குடுங்க மச்சான்."

நான் நூல் கோத்துக் கொடுத்தேன். அவர் தைத்து, தைத்ததன் மேல் பிசின் பட்டையும் ஒட்டினார். குடையை நான்தான் பிடித்தேன். அன்றைய தேதியில், 'மூக்கு இரண்டும் தைத்து அடைக்கப்பட்டன, சிறு தூறல், காற்று மிதம்' என்று எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு எழுபத்தெட்டு நாள். ஒவ்வொரு நாளும் நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். உறை சரி, கட்டு சரி, துணியில் தண்ணீர் தேங்கவில்லை, கயிறு தேயவில்லை. தினமும் எழுதினேன். உள்ளே திறந்து பார்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. திறந்தால் மழை நுழையும் என்று அவர் சொல்லியிருப்பார். அதற்காக நான் சொல்லாமல் இருக்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

ஒவ்வொரு மாலையும் அவர், "ஒரு சொட்டு நனையல" என்றார்.

மழை விட்டது. சனிக்கிழமை அவளை அழைத்து வருவதாக மகள் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை, நூற்றுப் பதினேழாம் நாள், படகைத் திறந்தோம். ஊறிப்போன முடிச்சுகள் அவிழவில்லை. தச்சர் கத்தியை நீட்டினார், அவர் வாங்கவில்லை. நகம் கிழிய ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கடைசிக் கயிறு விட்டதும் துணியைப் பின்பக்கத்திலிருந்து சுருட்டினோம்.

முதலில் வாடை வந்தது. பூட்டிக் கிடந்த பாதாள அறையின் வாடை. துணியின் உட்பக்கம் முழுவதும் வியர்த்ததுபோல் நீர்த்துளிகள் தொங்கிக்கொண்டிருந்தன. சுருட்டச் சுருட்டப் பொலபொலவென்று உதிர்ந்தன. பலகைகளில் கருப்புப் புள்ளிகள், சில இடங்களில் புள்ளியே தெரியாத அளவுக்குக் கருப்பு. மெத்தையின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை, பூனையின் ரோமம்போல். தச்சர் முன் இருக்கைப் பலகையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே இறங்கியது.

"மழைத்தண்ணி இல்லண்ணே இது" என்றார். "கீழ ஈரம், மேல பிளாஸ்டிக். நடுவுல மரத்தை வெச்சு ஆவி கட்டிட்டீங்க. வெந்துபோச்சு."

மாப்பிள்ளை படகுக்குள் இறங்கினார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அந்த இருக்கையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கத் துடைக்க மரமே நார் நாராகக் கைக்குட்டையில் வந்தது. தச்சர்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

தார்ப்பாய் அம்மாளுக்கு யார் சொன்னார்களோ, மதியம் வந்துவிட்டாள். சுருட்டி வைத்த துணியைத் தேடி, மூக்கு இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, பட்டையை உரித்தாள்.

"இது யார் தையல்?"

உரித்த பட்டையைக் கையில் சுருட்டினாள்.

"என் தையல் இல்ல இது."

"நான்தாம்மா" என்றார் அவர்.

"நூல் கோத்துக் குடுத்தது நான்" என்றேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "மூக்கைப் பொத்திட்டீங்களே அண்ணே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தைத்த இடத்தைப் பிரிக்கத் தொடங்கினாள். இனி அதைப் பிரித்து என்ன பயன் என்று அவளுக்கும் தெரியும். சும்மா நிற்க முடியாமல் பிரித்தாள்.

சனிக்கிழமை தங்கை வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். மூக்கின் கீழ் மெல்லிய குழாய், பக்கத்தில் சக்கரம் வைத்த சிறிய ஆக்சிஜன் சிலிண்டர். அதைக் காட்டி, "புதுசா ஒரு நாய்க்குட்டி வாங்கியிருக்கேன், எங்க போனாலும் கூடவே வருது" என்றாள். காப்பி குடித்து முடிக்கவில்லை, படகைக் கேட்டாள்.

"இன்ஜின்ல கோளாறு" என்றார் அவர்.

"என்ன கோளாறு?"

"வால்வு."

"எந்த வால்வு?"

"சொன்னா உனக்குப் புரியுமா?"

"உங்களுக்குப் புரிஞ்சா சரி." என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீ சொல்லு."

"வால்வுதான்மா" என்றேன்.

ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. செவ்வாய் காலை நாங்கள் இருவரும் துறையில் இருந்தபோது படிகளின் மேலே அவள் நின்றாள். ஒரு கையில் கம்பு, பின்னால் மகள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு. இருபத்து மூன்று படிகள். இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். அவர் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தார். கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். இறங்கி வந்து படகைப் பார்த்தாள். முன் இருக்கையைப் பெயர்த்துத் துறைமேல் போட்டிருந்தோம். மெத்தை வெயிலில் கிடந்தது. கருத்த பலகைகளைப் பாதி சுரண்டியிருந்தார்; சுரண்டாத பாதி இன்னும் மோசமாகத் தெரிந்தது.

வெகுநேரம் மூச்சை வாங்கிக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"ஒரு சொட்டு நனையலன்னு தினம் சொன்னீங்க. நீங்க பொய் சொல்லலையே."

குத்திக் காட்டவில்லை. அவருக்காகத்தான் சொன்னாள். அதனாலேயே அவருக்கு அது தாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மெத்தையை எடுக்கக் குனிந்தாள். அவர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "தொடாதே. அந்தத் தூசி உனக்கு ஆகாது."

தச்சரிடம் கேட்டாள்: "சரி பண்ண எத்தனை நாள் ஆகும் தம்பி?"

"முன்பக்கம் நாலு பலகை மாத்தணும்க்கா. இருக்கை புதுசு. மிச்ச மரம் காயணும், பூஞ்சை மருந்து அடிக்கணும். ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா? டாக்டர் எனக்கு அவ்வளவு டைம் குடுக்கலையேப்பா" என்று சிரித்தாள். மகள் அழுதுகொண்டே முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அதுவரை அது தெரியாது. அவருக்குத் தெரியும் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

அடுத்த பதினொரு நாள் அவர் படகிலேயே கிடந்தார். விடிந்ததும் போவார், வெளிச்சம் போனபின் வருவார். ப்ளீச்சிங் தண்ணீரில் பலகையைத் தேய்த்துத் தேய்த்து விரல்கள் வெந்து போயின. அவர் சட்டையில் ஏறிய அந்த நெடி அவளுக்கு இருமலைக் கிளப்பியது. ஆகவே துறைக் குழாயிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அப்போதும் நெடி போகவில்லை. முன்னறையில் தனியாகப் படுத்தார். சாப்பிடும்போது வாசலருகே உட்கார்ந்தார். அவள் ஜன்னல் பக்கம் கட்டிலில் இருப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் பன்னிரண்டு அடி.

பன்னிரண்டாம் நாள் காலை அவர் கிளம்பும்போது நானும் அங்கே இருந்தேன்.

"எங்க போறீங்க?" என்றாள்.

"எங்க போவேன்? பலகை வந்திருக்கும்."

"உட்காருங்க."

"நேரமாச்சு."

"எனக்கும்தான் நேரமாச்சு." அவள் குரலை உயர்த்தவில்லை, உயர்த்த மூச்சு இல்லை. "நாலு மாசம் நான் அங்க, நீங்க இங்க. இப்போ நான் இங்க, நீங்க அங்க. எனக்கு எதுக்குங்க அந்தப் படகு?"

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உனக்குச் சொன்னேனே. பன்னெண்டாவது..."

"ஒன்பது மணிக்கு லாஞ்ச் இருக்குல்ல? அதுல போவோம்."

"லாஞ்சுலயா?"

"ஏன், அதுவும் தண்ணியிலதானே போகுது?"

ஓய்வு பெற்ற பிறகு அவர் லாஞ்சில் ஏறியதில்லை. பயணியாக எப்போதுமே ஏறியதில்லை. சட்டையை மாற்றப் போனார். அலமாரியில் இருந்த எல்லாச் சட்டையிலும் நெடி. கடைசியில் என் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டார். அது அவருக்குத் தோளில் பிடித்தது.

லாஞ்சை இப்போது ஓட்டுகிறவன் அவரிடம் கயிறு வீசும் ஆளாக இருந்தவன். நெட்டை என்று கூப்பிடுவார்கள். அவளைப் படியில் நாற்காலியோடு தூக்கி இறக்கியதில் பாதிக் கனம் அவன் கையில்தான். ஏற்றி உட்கார வைத்ததும் அவரிடம் வந்தான்.

"அண்ணே, வாங்க. இன்னிக்கு நீங்க ஓட்டுங்க. அக்காவுக்காக."

அவர் எழப் போனார். உடம்பு பாதி எழுந்தேவிட்டது.

"வேணாம் தம்பி" என்றாள் அவள். "அவரு இன்னிக்கு டிக்கெட் வாங்கியிருக்காரு."

நெட்டை சிரித்தான். சிரித்துக்கொண்டே போனவன் கதவுக்கு அப்பால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். நான் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தேன்.

லாஞ்ச் கிளம்பியது. முதலில் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்தார். நடு ஆற்றில் நீரோட்டம் திரும்பும் இடத்தில் அவர் வலது கை தானாகவே எதையோ திருகியது. அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெந்துபோன விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எரியுதா?"

"இல்ல."

"பொய்."

"கொஞ்சம்."

பிறகு அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. பேசினார்களா என்றும் தெரியவில்லை. அக்கரையில் யாரும் அவர்களை இறங்கச் சொல்லவில்லை. ஆட்கள் இறங்கி, ஆட்கள் ஏறினார்கள். திரும்பும் வழியில் காற்று நன்றாக வந்தது. அவள் தலை மெல்ல மெல்லச் சாய்ந்து அவர் தோளில் நின்றது. பயந்துபோய் நான் முன்னால் குனிந்து பார்த்தேன். குழாய்க்குக் கீழே உதடு அசைந்து மூச்சு போய் வந்துகொண்டிருந்தது. தூங்கிவிட்டாள். வந்த பதினைந்து நாளில் உட்கார்ந்தபடியே இரண்டு இரவாவது தூங்காமல் கழித்தவள் என்று மகள் சொல்லியிருந்தாள்.

அவள் அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள் இருந்தாள். தச்சர் படகு வேலையை முடிக்கும்போது அவள் இல்லை. அதையெல்லாம் அன்று காலை நாங்கள் யாரும் அறியோம். லாஞ்ச் துறையை நெருங்கிக்கொண்டிருந்தது. கயிறு போட்டார்கள். ஆட்கள் எழுந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் அவர் காலைத் தாண்டித் தாண்டி இறங்கிப்போனார்கள். ஒருவர், "பெரியவரே, துறை வந்தாச்சு" என்றார். அவர் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

நெட்டை கதவருகே வந்து நின்று, கண்ணால் என்ன என்று கேட்டான். அவர் தலையை அசைக்கவில்லை. அசைத்தால் தோள் அசையும். அடுத்த நடைக்கு ஆட்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். அவர் இடது கையால், தான் போட்டிருந்த என் சட்டையின் பையைத் தடவி, இரண்டு டிக்கெட்டுக்கான சில்லறையை எடுத்து, திரும்பாமலே, பின்னால் என் பக்கம் நீட்டினார்.